மாடத்தில் இருக்கும் சொட்டு மருந்து

நம் இல்லங்களில் சுவர் மாடத்திலோ, குளிர்சாதனப் பெட்டியின் கதவு இடுக்கிலோ, திருப்படத்தின் அருகே மெழுகுவர்த்திக்குப் பக்கத்திலோ, விரல் நீளமுள்ள சிறு பிளாஸ்டிக் புட்டி ஒன்று கிடப்பதைக் காணலாம். எப்போதோ யாருக்கோ கண் வலித்தபோது வாங்கிய சொட்டு மருந்து அது. பாதி தீர்ந்திருக்கும், மேலே ஒட்டிய சீட்டின் எழுத்துகள் தேய்ந்திருக்கும். வீட்டில் எவர் கண்ணாவது சற்றுச் சிவந்தால் போதும், "அதான் மருந்து இருக்கே, ரெண்டு சொட்டு விடு" என்று பாட்டி சொல்வார். பேரன் அண்ணாந்து படுப்பான். மருந்து கண்ணில் விழும். சிவப்பு அடங்கினால் மருந்துக்குப் புகழ். அடங்காவிட்டால் மறுநாளும் இரண்டு சொட்டு.

வீடு மந்திரிக்கவும் நோயாளிகளைச் சந்திக்கவும் செல்லும் பங்குக்குரு என்ற முறையில் இந்தப் புட்டியை எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். ஆயினும் இதைப் பற்றி எழுதத் துணிந்ததற்குக் காரணங்கள் இரண்டு. இம்மருந்தின் நன்மையையும் தீமையையும் என் கண்ணிலேயே அனுபவித்தவன் நான் என்பது ஒன்று. கருவிழிப் புண்ணைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பவற்றுள் கணிசமான பகுதி நம் மதுரை மண்ணில் கண்டறியப்பட்டது, அதை மதுரைக்காரர்களாகிய நாமே அறியாதிருக்கிறோம் என்பது மற்றொன்று.

மதுரையும் கருவிழிப் புண்ணும்

தை, மாசி மாதங்களில் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் சற்று நேரம் நின்று பாருங்கள். தேனி, உசிலம்பட்டி, திண்டுக்கல் பக்கங்களிலிருந்து வந்து இறங்குவோருள், தலையில் துண்டைப் போட்டு ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு, பிள்ளையின் கையைப் பற்றியபடி நடக்கும் ஆண்களையும் பெண்களையும் காண்பீர்கள். கதிர் அறுக்கையில் நெல் தாளோ, களத்தில் தூற்றுகையில் உமியோ கண்ணில் பட்டிருக்கும். பட்ட கணத்தில் அது ஒரு கீறல். நான்கு நாளில் அது புண். நாற்பது நாளில் அது 'கண்ணில் விழுந்த பூ'.

மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைக்குத் தலைமை வகித்த டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, பணி ஓய்வுக்குப் பின் 1976-ஆம் ஆண்டில் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே பணியாற்றியவர்கள் அயல்நாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து ஒரு கணக்கெடுத்தார்கள். 1993-ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்தில் ஒரு லட்சம் மக்களுக்கு 113 பேர் புதிதாகக் கருவிழிப் புண்ணுக்கு ஆளானார்கள் என்று அந்தக் கணக்குக் காட்டியது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு பகுதியில் அதே நோய் ஒரு லட்சத்துக்கு 11 பேருக்கே வந்தது. நமக்குப் பதின்மடங்கு!

அடுத்து 1994-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணோடு அங்கு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களுள் மூவருக்கு இருவர் வீதம் முதலில் கண்ணில் அடிபட்டவர்கள். அடிபட்டோருள் வயல் வேலை செய்வோரே மிகுதி. புண்ணைச் சுரண்டி எடுத்து வளர்த்துப் பார்த்ததில் 297 பேரிடம் கிருமி முளைத்தது. அவர்களுள் 140 பேருக்கு பாக்டீரியா மட்டும். 139 பேருக்குப் பூஞ்சை மட்டும். ஏறக்குறைய சரிபாதி!

வாசகர்கள் இந்தச் சரிபாதியை மறவாமல் நெஞ்சில் இருத்த வேண்டும். மாடத்தில் இருக்கும் ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து பாக்டீரியாவைக் கொல்லும். பூஞ்சையை ஒன்றும் செய்யாது. 'மெட்ராஸ் ஐ' என்று நாம் அழைக்கும் கண்வலியைப் பெரும்பாலும் உண்டாக்கும் வைரஸையும் அது தொடாது. 2022-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் தமிழகமெங்கும் அந்நோய் பரவியபோது, வீட்டுக்கு வீடு இம்மருந்தை ஊற்றிக்கொண்டதை நாம் கண்டோம். பலருக்குக் கண்வலி தானே தணிந்தது. பெயர் மருந்துக்குப் போயிற்று.

கருவிழி என்னும் பலகணி

பெயர்தான் கருவிழி, உண்மையில் அது கண்ணாடி போல் தெளிந்த ஒரு படலம். கருமை அதற்குப் பின்னால் உள்ளவற்றின் நிறம். நடுப்பகுதியில் அதன் கனம் சுமார் அரை மில்லிமீட்டர். அதில் இரத்தக் குழாய் ஒன்றுகூட இல்லை. இருந்தால் ஒளி உள்ளே செல்லாது. பெரும்பாலும் காற்றிலிருந்தும் கண்ணீரிலிருந்தும் அது உயிர்வளியைப் பெறுகிறது. அதன் மேற்பரப்பு ஐந்து முதல் ஏழு அடுக்கு உயிரணுக்களாலான மெல்லிய தோல். பழையன உதிர்ந்து புதியன முளைத்து, ஏழு முதல் பத்து நாட்களில் அத்தோல் முழுவதும் புதிதாகிவிடுகிறது. உடலில் நரம்பு மிக நெருங்கிய இடங்களுள் அதுவும் ஒன்று. தூசி விழுந்தால் உயிர் போவதுபோல் வலிப்பது இதனால்தான்.

இத்தகைய மென்மையான பரப்பின்மேல்தான் நாம் மருந்தைச் சொட்டுகிறோம். உண்ணும் மருந்து வயிற்றில் கரைந்து, குருதியில் கலந்து, செறிவு குறைந்து உறுப்புகளை அடைகிறது. கண் சொட்டோ முழுச் செறிவுடன் நேரே உயிரணுவின் தலைமேல் விழுகிறது. கிருமியின் உயிரணுவை அழிக்க வல்ல ஒரு பொருள், நம் உயிரணுவுக்கு அருகிலேயே நின்று நாள் முழுதும் வேலை செய்யும்போது, அதற்கும் சிறிது காயம் நேர்வதில் வியப்பென்ன?

என் கண்ணில் நிகழ்ந்தது

2019-ஆம் ஆண்டு மாசி மாதம். துவரிமானுக்கு அப்பால் ஒரு நோயாளிக்கு நற்கருணை கொடுத்துவிட்டு, மேலக்கால் சாலையில் இரு சக்கர வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். முன்னே வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று சென்றது. காற்றில் பறந்த துரும்பு வலக் கண்ணில் விழுந்தது. இரவெல்லாம் கண்ணைத் திறக்க முடியவில்லை. விடிந்ததும் நகரிலுள்ள ஒரு கண் மருத்துவமனைக்குச் சென்றேன்.

மருத்துவர் மரத்துப்போகும் சொட்டு விட்டு, புண்ணிலிருந்து கடுகளவு சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவிச் சோதனைக்கு அனுப்பினார். பூஞ்சை இல்லை, பாக்டீரியாதான் என்று சிறிது நேரத்தில் விடை வந்தது. இரண்டு மருந்துகள் தந்தார்கள். ஒன்று சிப்ரோஃப்ளாக்சசின், மற்றொன்று மருத்துவமனையிலேயே செறிவு கூட்டித் தயாரித்த டோப்ராமைசின். மணிக்கொரு முறை, இரவும் பகலும். கோவில்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து என்னை எழுப்பினார்.

நான்காம் நாள் கண்ணாடியில் பார்த்தபோது கருவிழியின்மேல் சுண்ணாம்பு வைத்ததுபோல் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. நெஞ்சு திடுக்கிட்டது. பூ விழுந்துவிட்டதென்றே எண்ணினேன். திருப்பலிப் புத்தகத்தை இனி எந்தக் கண்ணால் வாசிப்பது என்ற கவலையுடன் மருத்துவமனைக்கு ஓடினேன். மருத்துவர் விளக்கொளியில் பார்த்துவிட்டுப் புன்னகைத்தார். "சுவாமி, இது பூ அல்ல, நீங்கள் விட்ட மருந்தேதான்" என்றார். சிப்ரோஃப்ளாக்சசின் புளிப்புத் தன்மையுள்ள நீரில் நன்கு கரையும், கண்ணீரோ அத்தகையதன்று. ஆகவே அடிக்கடி விடும்போது, புண் உள்ள இடத்தில் மருந்து சில சமயம் வெண்படிகமாகப் படிந்துவிடுகிறது. ஆறு பேருக்கு ஒருவர் அளவில் இது நேர்வதாக ஆய்வுகள் கூறுகின்றன. மருந்தின் வேலை அதனால் கெடுவதில்லை. நாளடைவில் படிகம் தானே மறைந்துவிடும். எனக்கும் அவ்வாறே மறைந்தது.

இரண்டாம் வாரம் வேறொரு தொல்லை வந்தது. கிருமி ஒழிந்துவிட்டது, ஆனால் புண்ணின் வாய் மூடவில்லை. கண்ணில் மணல் கொட்டியதுபோல் ஓயாத உறுத்தல். சாயமிட்டு நீல ஒளியில் பார்த்தபோது, கருவிழி முழுதும் ஊசி குத்தியதுபோல் நுண்ணிய புள்ளிகள் ஒளிர்ந்தன. மருத்துவர் சிறிது சிந்தித்துவிட்டு, வீரியமான சொட்டை அன்றே நிறுத்தச் சொன்னார். "மருந்து தன் வேலையை முடித்துவிட்டது. இனி அதுவே புண் ஆறுவதற்குத் தடை" என்றார். மற்றதையும் நாளுக்குச் சில முறையாகக் குறைத்து, பதனப்பொருள் கலவாத செயற்கைக் கண்ணீரை மட்டும் சேர்த்தார். பங்கு மக்களுக்கு இது விளங்கவில்லை. "கண்ணு இன்னும் ஆறலையே சாமி, மருந்த நிறுத்திட்டாங்களா?" என்று கேட்டு வருந்தினார்கள். பத்து நாளில் புண் மூடியது. இன்று அந்தக் கண்ணால்தான் இக்கட்டுரையின் எழுத்துகளைச் சரிபார்க்கிறேன்.

அந்த நிறுத்தம்தான் எனக்குப் பாடமாயிற்று. மருந்தைத் தொடங்குவதற்கு வேண்டிய அறிவு பெரிது. நிறுத்துவதற்கு வேண்டிய அறிவு அதனினும் பெரிது. மாடத்துப் புட்டிக்கு இவ்விரண்டும் இல்லை.

சொட்டு மருந்தின் பக்க விளைவுகள்

மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜென்டாமைசின், டோப்ராமைசின் ஆகிய மருந்துகள், குறிப்பாகச் செறிவு கூட்டியவை, பல நாள் அடிக்கடி விடப்பட்டால் கருவிழியின் மேல்தோலைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். புண் ஆறுவதையும் தாமதமாக்கும். நியோமைசின் சிலருக்கு ஒவ்வாது. இமைகள் சிவந்து, வீங்கி, அரிக்கும். நோய் முற்றிவிட்டதென்று கருதி, அதே மருந்தை இன்னும் மிகுதியாக விடுவோரும் உண்டு. முன்னாளில் நம் வீடுகளில் பெரிதும் பழகிய குளோராம்பெனிக்கால், மிக அரிதாக எலும்பு மஞ்சையைத் தாக்கி இரத்த உற்பத்தியைக் குலைக்கும் என்ற அச்சம் உண்டு. கண் சொட்டினாலும் அவ்வாறு நேருமா என்பதில் மருத்துவ உலகம் ஒருமித்திருக்கவில்லை. அமெரிக்க மருத்துவர்கள் பெரும்பாலும் அதைத் தவிர்க்கிறார்கள். பிரிட்டனிலோ 2005-ஆம் ஆண்டு முதல் மருத்துவர் சீட்டு இன்றியே அதன் சொட்டை மருந்தாளுநர் தர அனுமதி உண்டு.

மருந்து ஒன்றிருக்க, அதனுடன் கலந்திருக்கும் பதனப்பொருள் வேறு. புட்டிக்குள் கிருமி வளராதிருக்கப் பல சொட்டு மருந்துகளில் பென்சால்கோனியம் குளோரைடு சேர்க்கப்படுகிறது. அது சவர்க்காரத்தைப் போன்ற தன்மையுடையது. கண்ணீரின்மேல் மிதந்து அதைக் காக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கலைத்துவிடும். சில நாட்களுக்கு விட்டால் பெரும் தீங்கில்லை. மாதக்கணக்கில் விட்டால் கண் வறண்டு, கருவிழித் தோல் நலியும்.

இவற்றைக் கேட்டு அஞ்சி, மருத்துவர் எழுதிக்கொடுத்த சொட்டைத் தாமே நிறுத்திவிடுவோர் தமக்கே தீங்கிழைக்கிறார்கள். புண்ணைத் தின்னும் பாக்டீரியாக்களுள் சில, ஓரிரு நாளில் கருவிழியைத் துளைத்துவிடக் கூடியவை. அவ்வேளையில் மேல்தோலின் சிறு அரிப்பு ஒரு பொருட்டே அன்று. நேபாள நாட்டின் பக்தப்பூரில் நடந்த ஓர் ஆய்வு 2001-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பயிற்சி பெற்ற கிராமத் தொண்டர்கள், கருவிழியில் கீறல் பட்டவர்களைக் கண்டறிந்து, குளோராம்பெனிக்கால் களிம்பை நாளுக்கு மூன்று முறை, மூன்று நாள் இட்டார்கள். அடிபட்ட பதினெட்டு மணி நேரத்துக்குள் களிம்பு பெற்ற 284 பேருள் ஒருவருக்குக்கூடப் புண் உண்டாகவில்லை! மருந்தின் பெருமை இதுதான். ஆனால் கவனியுங்கள்: கண்ணைப் பார்த்தபின் இட்டார்கள், உடனே இட்டார்கள், மூன்று நாளில் நிறுத்தினார்கள்.

இரட்டை மருந்தின் ஏமாற்று

எல்லாவற்றிலும் அஞ்சத்தக்கது, ஆன்டிபயாடிக்குடன் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து. ஸ்டீராய்டு சிவப்பையும் வீக்கத்தையும் விரைவில் அடக்கும். ஆகையால் 'நல்ல மருந்து' என்று பெயரெடுத்துக் கைமாறுவதும் இதுவே. புண்ணின் காரணம் பூஞ்சையாகவோ, அக்கி இனத்து வைரஸாகவோ இருந்தால், உடலின் காவலை முடக்கி, பகைக்குக் கதவைத் திறந்துவிடுவதும் இதுவே. நெடுநாள் விட்டால் கண்ணின் அழுத்தம் உயரும், கண்புரையும் வரும்.

வைகைக் கரையின் மேற்கே உள்ள ஒரு சிற்றூரில் எனக்குத் தெரிந்த தாய் ஒருவர் இருக்கிறார். நாற்று நடவும் கதிர் அறுக்கவும் போய் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். நெல் தாள் கண்ணில் பட்டதும், ஒரு நாள் கூலியை விட மனமின்றி, ஊர்க் கடையில் கண்வலிக்கு மருந்து கேட்டார். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது இந்த இரட்டை மருந்து. மூன்று நாள் வலி குறைந்தது, வேலைக்கும் போனார். ஐந்தாம் நாள் பார்வை மங்கியது. இரண்டாம் வாரம் மகன் அவரை ஆரப்பாளையம் வரை பேருந்தில் அழைத்து வந்து, அங்கிருந்து கண் மருத்துவமனையில் சேர்த்தான். பூஞ்சை கருவிழியின் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. இரண்டு மாதம் நாடாமைசின் சொட்டு விட்டார்கள். கண் பிழைத்தது; பார்வை திரும்பவில்லை. "வலி நின்னுச்சே சாமி, நல்லாயிட்டுதுன்னுல்ல நெனச்சேன்" என்று அவர் என்னிடம் சொன்னபோது எனக்கு மறுமொழி கிடைக்கவில்லை. வலி நிற்பது வேறு, நோய் நீங்குவது வேறு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லையே!

பாக்டீரியாப் புண்ணிலாவது ஸ்டீராய்டு உதவுமா என்ற கேள்விக்கும் நம் மதுரையே பெரும்பங்கு விடையளித்தது. 2006 முதல் 2010 வரை நடந்த பெரிய சோதனையில் 500 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுள் மிகப் பலர் அரவிந்த் மருத்துவமனைகளுக்கு வந்த நம் மக்கள். முதலில் ஆன்டிபயாடிக் கொடுத்து, பின்னர் ஒரு சாராருக்கு மட்டும் ஸ்டீராய்டும் சேர்த்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, மொத்தத்தில் இரு சாராரின் பார்வையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கைதேர்ந்த மருத்துவர் பார்த்துக் கொடுத்தே இவ்வளவுதான் என்றால், கிருமி இன்னதென்று அறியாமல் கடையில் வாங்கி விடுவதில் என்ன நன்மை இருக்க முடியும்?

அதே சோதனை மற்றோர் உண்மையையும் வெளிப்படுத்தியது. மாக்சிஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் ஆகியவற்றைச் சேர்ந்த இனத்து மருந்துகளை முன்னமே கண்ணில் விட்டுக்கொண்டு வந்தவர்களின் கிருமிகளை அடக்க, சுமார் இரு மடங்குச் செறிவுள்ள மருந்து தேவைப்பட்டது. அரையும் குறையுமாக விட்ட சொட்டு கிருமியைக் கொல்லவில்லை, அதைப் பழக்கிவிட்டது. நாம் ஊற்றிப் பழக்கிய கிருமி நம் கண்ணோடு நிற்பதில்லை. அடுத்த வீட்டுக் குழந்தையின் கண்ணுக்கும் அது செல்லும்.

இல்லந்தோறும் செய்யத்தக்கவை

குடும்பத் தலைவிகளும் தலைவர்களும் சில எளிய நெறிகளைக் கைக்கொள்ளலாம். வயலிலோ பட்டறையிலோ கண்ணில் அடிபட்டால் அன்றே, தவறினால் மறுநாளே, கண் மருத்துவரிடம் செல்லுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எதையும் விடாதீர்கள். நாவினால் தூசி எடுப்போரிடமும் போகாதீர்கள். முன்பு ஏதேனும் சொட்டு விட்டிருந்தால், அந்தப் புட்டியைக் கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருந்து விடும்போது கையைக் கழுவுங்கள். புட்டியின் மூக்கு இமையிலோ விரலிலோ படலாகாது. ஒரு வேளைக்கு ஒரு சொட்டே போதும். கண்ணில் அதற்குமேல் இடமில்லை, மிகுதி கன்னத்தில் வழிந்து போகும். விட்டபின் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் மெல்ல அழுத்திக்கொண்டால் மருந்து தொண்டைக்கு இறங்கிக் கசக்காது. இரண்டு மருந்துகள் இருந்தால் இடையே ஐந்து நிமிடம் விடுங்கள். புதிதாக எரிச்சலோ, இமை வீக்கமோ, வெண்மையோ தோன்றினால் நீங்களே முடிவு செய்யாமல், கொடுத்தவரிடமே காட்டுங்கள். தொடர்வதா நிறுத்துவதா என்பதை அவர் சொல்லட்டும். திறந்த புட்டியை ஒரு மாதத்துக்குமேல் வைத்திருக்க வேண்டாம். ஒருவர் புட்டியை மற்றொருவர் தொட வேண்டாம்.

கடை வைத்திருக்கும் அன்பர்களுக்கும் ஒரு சொல். இம்மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்பது சட்டம். கண் வலிக்கிறது என்று வந்து நிற்கும் கூலித் தொழிலாளிக்கு நீங்கள் செய்யக்கூடிய பேருதவி, மருந்தை எடுத்துக் கொடுப்பதன்று; "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லி அனுப்புவதே.

பங்குகளிலும் அன்பியங்களிலும் நாம் செய்யக்கூடியதும் உண்டு. அறுவடைக் காலத்தில் கண்ணில் அடிபட்ட கூலிப் பெண், ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்றுதான் மருத்துவமனைக்குப் போகத் தயங்குகிறார். அந்த ஒரு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் கொடுத்து, உடன் ஓர் ஆளையும் அனுப்ப நம் அன்பியங்களால் முடியாதா? கண் கெட்டபின் சூரிய நமஸ்காரம் என்பார்கள். கெட்ட கண்ணுக்கு நாம் எத்தனை முறை நிதி திரட்டியிருக்கிறோம்! கெடாதிருக்கத் திரட்டினால் அதில் நூற்றில் ஒரு பங்கு போதுமே.

இவ்விதழைப் படித்து முடித்ததும் எழுந்து சென்று மாடத்தைப் பாருங்கள். பழைய புட்டி இருந்தால், பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி இன்றே அப்புறப்படுத்திவிடுங்கள். அந்த இடத்தில் அருகிலுள்ள கண் மருத்துவமனையின் தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவையுங்கள், பாட்டிக்கும் தெரியும்படி.